பனியில் கிடைத்த இரும்பு: தோற்றமா, அமில வரிகளா, வேதியியலா?

தண்டையார்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்கு, கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உள்ளங்கை நிறையும் இரும்புத் துண்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டுத் துறைமுகக் கடை ஒன்றில் வாங்கியதாம். அதில் ஒட்டியிருக்கும் சீட்டில் 'துருவப் பனியில் கிடைத்த விண்கல்' என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது. இடம், ஆண்டு, எண் எதுவும் இல்லை. இதை முறையாக விவரித்து, எந்த வகை என்று கண்டுபிடித்து எழுதி வைக்க வேண்டும் என்று பிளஸ் டூ பிள்ளைகள் பிடிவாதமாக நிற்கிறார்கள். கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் காணும்.

எதிரில் மூன்று வழிகள் இருக்கின்றன. துண்டைச் சேதப்படுத்தாமல் வெளித்தோற்றத்தையும் அடர்த்தியையும் வைத்து விவரிப்பது ஒன்று. அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவி உள்ளமைப்பைப் பார்ப்பது இன்னொன்று. சிறு துணுக்கை ஆய்வகத்துக்கு அனுப்பி நிக்கல், காலியம், ஜெர்மானியம், இரிடியம் அளவுகளை வாங்குவது மூன்றாவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வட சென்னையில் இருக்கும் எங்களுக்கு இரண்டாவது வழிதான் சரி. ஆனால் அந்த வழி எதைச் சொல்லும், எதைச் சொல்லவே சொல்லாது என்பதைத் தெரிந்துகொண்டு அதில் இறங்க வேண்டும்.

முதலில் அந்தச் சீட்டைப் பற்றி. அண்டார்டிகாவில் கிடைக்கும் விண்கற்கள் கடைக்கு வருவதில்லை. அவற்றை அரசுகளின் ஆய்வுக் குழுக்கள்தான் சேகரிக்கின்றன. 2001இல் அண்டார்டிக் ஒப்பந்த நாடுகள், விண்கற்கள் அறிவியல் தேவைக்காகப் பாதுகாக்கப்பட வேண்டும் என்று தீர்மானமே போட்டிருக்கின்றன. முறையாக எடுத்த ஒவ்வொரு கல்லுக்கும் பெயர் உண்டு. ஏ.எல்.எச்.ஏ. 77283 என்றால் ஆலன் ஹில்ஸ் பகுதியில் 1977இல் தொடங்கிய பருவத்தில் எடுத்த கற்களில் 283ஆம் எண் உடையது என்று பொருள். எண் இல்லாத அண்டார்டிகா விண்கல் என்று ஒருவர் விற்றால், அந்த ஊர்ப்பெயரை நம்பக் கூடாது. துண்டு பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. வேறு நாட்டுப் பாலைவனத்திலோ வயலிலோ கிடைத்த உண்மையான இரும்பு விண்கல்லாக இருக்கலாம். கிடைத்த இடத்தை எந்தச் சோதனையும் நேரடியாகச் சொல்லாது. வகையைச் சொல்லும், அதிலிருந்து, ஏற்கெனவே தெரிந்த எந்த விண்கல்லோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம். அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் துருவப் பனியின் இரும்புகளையே எங்கள் பாடமாக எடுத்துக்கொண்டேன். உலகத்திலேயே மிக ஒழுங்காக விவரிக்கப்பட்ட இரும்புகளில் அவை சேர்ந்தவை; பிள்ளைகள் பின்பற்ற வேண்டிய முறை அங்கே இருக்கிறது. அண்டார்டிகாவின் முதல் விண்கல்லை 1912இல் ஆஸ்திரேலியாவின் மாசன் தலைமையில் போன ஆய்வுப் பயணக் குழுவைச் சேர்ந்தவர்கள் அடேலி நிலப்பகுதியில் கண்டெடுத்தார்கள். அது கல் வகை. இரும்பு என்று பார்த்தால், 1961இல் சோவியத் குழு ஹம்போல்ட் மலைப் பகுதியில் எடுத்த லாசரேவ், சுமார் 10 கிலோ. நம் நாட்டின் மைத்ரி ஆய்வு நிலையம் இருப்பதும் அதே குயின் மாட் நிலப்பகுதியில்தான். லாசரேவ் பூமியில் விழுந்து ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது விண்கதிர் உண்டாக்கிய கதிரியக்க அணுக்களை அளந்து கிடைத்த கணக்கு. 1969 டிசம்பரில் ஜப்பானியக் குழு யமாட்டோ மலையடியில் ஒன்பது விண்கற்களை எடுத்தது. அவை பல வகைப்பட்டவையாக இருந்ததால், ஒரே கல் உடைந்து சிதறியவை அல்ல, பனிதான் இவற்றைச் சுமந்து வந்து ஓரிடத்தில் சேர்க்கிறது என்பது புரிந்தது. மலை தடுக்கும் இடத்தில் பனி மேலேறி நிற்கிறது. வறண்ட காற்று அதைத் தேய்த்துக்கொண்டே போகிறது. கற்கள் மட்டும் மேலே தங்கிவிடுகின்றன. இன்றைக்கு அண்டார்டிகாவில் எடுத்தவை 45,000ஐத் தாண்டிவிட்டன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கண்ணெதிரே விழுந்து எடுக்கப்படும் விண்கற்களில் இரும்பு சுமார் நூற்றுக்கு ஐந்து. அண்டார்டிகாவில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 2016இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எவாட் குழு ஒரு விளக்கம் தந்தது. இரும்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும். பனிக்குள் ஊடுருவும் வெயில் இரும்பின் தலையில் பட்டால், அந்தச் சூடு அடிவரைக்கும் போய்க் கீழிருக்கும் பனியை உருக்கும். பனி மேலே தூக்கிக் கொடுக்கும் அளவுக்கு இரும்பு கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே மேற்பரப்பிலிருந்து சில பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இரும்பு விண்கற்கள் மறைந்து கிடக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. அதை நம்பி, பனிச்சறுக்கு வண்டிக்குப் பின்னால் உலோகம் காட்டும் கருவிகளை இழுத்துக்கொண்டு பிரிட்டிஷ் குழு அங்கே போனது. கையில் கிடைத்தவை எவ்வளவு அரியவை என்பது இதிலிருந்து புரியும். அதனால்தான் அவற்றை அறுப்பதற்கு முன் அவ்வளவு எழுதுகிறார்கள்.

இனி முதல் வழி. தோற்றத்தை வைத்து விவரிப்பதற்குச் செலவே இல்லை. துண்டும் முழுசாக இருக்கும். எடை, மூன்று பக்க அளவுகள், எல்லாப் பக்கங்களிலும் அளவுகோல் வைத்துப் படம், நிறம், துரு எங்கே எப்படி இருக்கிறது என்ற குறிப்பு. காற்றைக் கிழித்து வரும்போது உருகி அரித்த ஆழமில்லாத குழிகள் இருக்கின்றனவா, அவை ஒரு பக்கம் மட்டுமா, எல்லாப் பக்கமுமா. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கருப்புத் தோல் எங்காவது ஒட்டியிருக்கிறதா. நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தால் அடர்த்தி தெரிந்துவிடும். கன சென்டிமீட்டருக்கு 7.5 முதல் 8 கிராம் வரை வந்தால் இரும்பு விண்கல்லாக இருக்க இடமுண்டு. 5 ஒட்டி வந்தால் மேக்னடைட் அல்லது ஹெமடைட் தாது. 3 என்றால் உலைக் கசடு.

இங்கேதான் வட சென்னைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கரையோரம் எங்கே தோண்டினாலும் பழைய இரும்பு கிடைக்கும். நங்கூரத் துண்டு, கப்பலின் பாரம் சமன் செய்யப் போட்ட வார்ப்பிரும்புக் கட்டி, ஆலையில் தாது அரைக்கும் உருண்டை. உப்புக்காற்றில் சில ஆண்டுகள் கிடந்தால் எல்லாமே குழி விழுந்து, கருத்து, 'விண்ணிலிருந்து வந்தது' போலவே ஆகிவிடும். வார்ப்பிரும்பின் அடர்த்தி சுமார் 7.2, எஃகின் அடர்த்தி 7.85. தராசு இவற்றை விண்கல்லிலிருந்து உறுதியாகப் பிரித்துக் காட்டாது. காந்தமும் காட்டாது. கண்ணால் பார்த்து வகை சொல்வது என்பது, ஏற்கெனவே பல நூறு விண்கற்களை அறுத்துப் பார்த்தவர்களாலேயே முடியாத காரியம்.

ஆகவே முதல் வழி விவரிக்கப் போதும், வகைப்படுத்தப் போதாது. ஆனால் அதைத் தவிர்க்கவும் கூடாது. அறுத்த பிறகு வெளி உருவம் திரும்ப வராது. அண்டார்டிகாவில் கல்லைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்துப் பையில் போடுகிறார்கள். எந்த இடத்தில், எந்த நிலையில் கிடந்தது என்று அங்கேயே பதிவு செய்கிறார்கள். எங்கள் துண்டுக்குக் கிடந்த இடம் தெரியாது. தெரிந்ததையாவது முழுமையாக எழுதி வைக்கலாமே. இதற்குப் பணம் வேண்டாம் என்பதால் மற்ற இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இது உண்டு.

இடையில் நிக்கல் சோதனை ஒன்றும் செய்துவிட வேண்டும். இரும்பு விண்கற்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய 5 சதவீதத்துக்குக் குறையாமல் நிக்கல் இருக்கும். ஓர் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு சொட்டு அமிலம் வைத்து, அதை எடுத்து அம்மோனியா கலந்து டைமெத்தில்கிளையாக்சைம் விட்டால், நிக்கல் இருந்தால் ரோஜாச் சிவப்பு வரும். பெரிய காயலான் கடைகளில் எவர்சில்வர் தரம் பிரிக்கத் துப்பாக்கி போன்ற எக்ஸ்-கதிர்க் கருவி வைத்திருப்பார்கள். அதில் ஒரு நொடி காட்டினாலும் நிக்கல் தெரியும். மாங்கனீசும் குரோமியமும் காட்டினால் அது ஆலையில் செய்த இரும்பு என்று அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அந்தக் கருவி தரும் கோபால்ட் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். இரும்பின் ஒரு கதிரும் கோபால்ட்டின் கதிரும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும் இடம் அது. இரும்பு தொண்ணூறு சதவீதம் இருக்கும் துண்டில் கோபால்ட் பொய்யாகப் பெரிதாகத் தெரியும்.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். இது எனக்கு மனசுக்கு நெருக்கமானது, மறைக்கவில்லை. பெரம்பூர் ரயில் பட்டறைகளும், மணலி, திருவொற்றியூர் தொழிற்சாலைகளும் இருக்கும் இந்தப் பக்கத்தில், உலோகத்தை அறுத்து, மெருகேற்றி, 'நைட்டால்' என்னும் அமிலக் கரைசலைத் தடவிப் பார்க்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. எஃகின் உள்ளமைப்பைப் பார்க்க அவர்கள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைதான் இது.

துண்டை மெல்லிய சக்கரத்தில், தண்ணீர் விட்டுக்கொண்டே, அவசரமில்லாமல் அறுக்க வேண்டும். சூடேறினால் உள்ளமைப்பு கெடும். பல கோடி ஆண்டுகளில் உண்டானதை ஒரு நிமிடச் சூடு அழித்துவிடும். பிறகு 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 220, 400, 600, 1000 என்று போக வேண்டும்; ஒவ்வொரு தாள் மாற்றும்போதும் துண்டைத் தொண்ணூறு பாகை திருப்பி, முந்தைய தாளின் கீறல் முழுசாகப் போகும்வரை தேய்க்க வேண்டும். இதில் சோம்பல் பட்டால் அமிலம் வைத்ததும் கீறல்கள்தான் முதலில் எழுந்து நிற்கும். நைட்டால் என்பது ஆல்கஹாலில் சில சதவீதம் நைட்ரிக் அமிலம். அதைப் பிள்ளைகள் கலக்கவே கூடாது. செறிவாகக் கலந்தாலும், மூடி வைத்தாலும் வெடிக்கக்கூடியது. அனுபவம் உள்ளவர், காற்றோட்டமான இடத்தில், அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, பஞ்சில் தொட்டுத் தடவ வேண்டும்.

தடவத் தடவ, கண்ணாடி போலிருந்த முகம் மங்கும். முதலில் எதுவும் தெரியாது. பிறகு சாய்வாக ஒரு பட்டை, அதைக் குறுக்கே வெட்டி இன்னொன்று, மூன்றாவது ஒன்று. மங்கிச் சாம்பல் நிறமானது கமாசைட், அதாவது நிக்கல் குறைந்த இரும்பு. பட்டைகளின் ஓரத்தில் அமிலத்துக்கு அசையாமல் மெல்லிய வெள்ளிக் கம்பியாக நிற்பது டேனைட், நிக்கல் மிகுந்தது. இடையில் முக்கோணமாக அடைந்து கிடப்பது இரண்டும் நுணுக்கமாகக் கலந்த பிளெசைட். விளக்கடியில் துண்டைச் சாய்த்தால் ஒரு திசைப் பட்டைகள் எல்லாம் ஒன்றாக மின்னி, அடுத்த சாய்வில் ஒன்றாக அணையும். 1808இல் வியன்னாவில் விட்மன்ஸ்டாட்டன் ஒரு விண்கல் வில்லையைச் சூடாக்கி இந்த வரிகளைக் கண்டார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே நேப்பிள்ஸில் தாம்சன் என்பவர் அமிலம் வைத்துப் பார்த்திருந்தார். பெயர் விட்மன்ஸ்டாட்டனுக்கு நின்றுவிட்டது.

இந்த வரிகளை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது. பத்து லட்சம் ஆண்டுக்கு ஒரு பாகையிலிருந்து சில ஆயிரம் பாகை வரை என்ற மெதுவான குளிர்ச்சியில்தான் நிக்கல் அணுக்கள் அவ்வளவு தூரம் நகர்ந்து இடம் மாறும். ஆகவே வரி தெரிந்துவிட்டால் 'இது விண்கல்லா' என்ற கேள்வி அங்கேயே முடிந்தது. முதல் வழியால் தர முடியாத உறுதி இது. மூன்றாவது வழியில் ஆய்வகம் அனுப்பும் எண்களைவிடப் பிள்ளைகளின் கண்ணுக்கு இது பெரியது.

வகைப்படுத்துவது பட்டையின் அகலத்தை வைத்து. இப்படிப் பட்டை உள்ள இரும்புகளை எண்முகி என்பார்கள். 3.3 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் மிகப்பருவரி எண்முகி, 1.3 முதல் 3.3 வரை பருவரி, 0.5 முதல் 1.3 வரை நடுவரி, 0.2 முதல் 0.5 வரை நுண்வரி. அதற்கும் கீழே மிக நுண்வரி. நிக்கல் 5, 6 சதவீதத்துக்குள் நின்றுவிட்டால் பட்டையே இருக்காது, முழுக்கக் கமாசைட். இதை அறுமுகி என்பார்கள். அதில் நியூமன் கோடுகள் என்னும் மிக நேரான மெல்லிய கீறல்கள் மட்டும் தெரியும், மோதலின் அதிர்ச்சியில் உண்டானவை. நிக்கல் 16 சதவீதத்தைத் தாண்டினால் கண்ணுக்கு எந்த வரியும் தெரியாது, அவை அடாக்சைட். நமீபியாவில் கிடக்கும் அறுபது டன் ஹோபா அந்த வகைதான். வரி தெரியவில்லை என்பதற்காக விண்கல் இல்லை என்று தூக்கி எறிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நிக்கல் சோதனையை முதலில் வைத்தேன்.

அகலத்தை அளப்பதில் ஒரு நுணுக்கம். பட்டைகள் எண்முகப் படிகத்தின் முகங்களை ஒட்டி நான்கு தளங்களில் படுத்திருக்கின்றன. நாம் அறுக்கும் தளம் அவற்றைச் சாய்வாக வெட்டினால் பட்டை உண்மையைவிட அகலமாகத் தெரியும். பல பட்டைகளை அளந்து, சாய்வுக்குத் திருத்தம் செய்து எழுத வேண்டும். ஒரே ஒரு தடிமனான பட்டையை அளந்து 'பருவரி' என்று எழுதிவிடுவது பிள்ளைகள் எல்லோரும் செய்யக்கூடியது. அருகில் இருந்து தடுக்க வேண்டும்.

வெட்டுமுகம் வேறு செய்திகளையும் தரும். வெண்கல நிறத்தில் உருண்டை ட்ரோய்லைட், இரும்பு சல்ஃபைடு. வெள்ளி நிறத்தில் நொறுங்கும் ஷ்ரைபர்சைட், பாஸ்பைடு. கருப்பாகக் கிராஃபைட். வெளி விளிம்பில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு நியூமன் கோடுகள் அழிந்து, கமாசைட் மணல்போல் பொடிந்து தெரிந்தால், அது வளிமண்டலத்தில் சூடேறிய பட்டை. அது மிச்சமிருந்தால் துரு அதிகம் தின்னவில்லை என்று பொருள். ஏ.எல்.எச்.ஏ. 77283 என்ற பத்தரைக் கிலோ இரும்பை அறுத்தபோது, உள்ளே கரிம முடிச்சில் வைரமும் அதன் இன்னொரு வடிவான லான்ஸ்டேலைட்டும் இருந்தன. 1981இல் இதை வெளியிட்டார்கள். அவ்வளவு சிறிய துண்டை வளிமண்டலம் வேகம் குறைத்துத்தான் தரைக்கு விடும். வைரம் உண்டாகும் அதிர்ச்சி அந்த இறக்கத்தில் வராது. எனவே அது விண்வெளியில் நடந்த மோதலில் பிறந்த வைரம். வெளித்தோற்றத்தை எவ்வளவு எழுதினாலும் இது தெரிந்திருக்காது. ஆய்வகத்துக்கு அனுப்பும் ஒரு கிராம் துணுக்கிலும் தெரிந்திருக்காது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு அதன் குறையையும் சொல்ல வேண்டும். குறை பெரியது. உள்ளமைப்பை வைத்து வகைப்படுத்துவது, பள்ளிப் பிள்ளைகளை உயரத்தின்படி வரிசையில் நிறுத்துவது மாதிரி. ஒரே உயரம் உள்ள அயலார் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். ஒரே வீட்டு அண்ணனும் தம்பியும் இரு கோடியில் நிற்பார்கள். நடுவரி எண்முகி என்று பெயர் பெற்றவற்றில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல தாய்க்கோள்களின், அதாவது விண்கற்கள் உடைந்து வந்த மூலப் பொருள்களின், இரும்புகள் இருக்கின்றன. மறுபக்கம், அறுமுகிகளும் மிகப்பருவரி எண்முகிகளும் பார்வைக்கு வேறு வேறு. வேதியியலில் ஒரே குடும்பம், ஒரே உருகிய உலோகத்திலிருந்து அடுத்தடுத்து உறைந்தவை. அண்டார்டிகாவில் 1978இல் டெரிக் பீக் மலைச்சரிவில் கிடைத்த இரும்புகள் இந்தக் குடும்பம். பல துண்டுகள், மொத்தம் 300 கிலோவுக்கு மேல், பெரிய பெரிய ஷ்ரைபர்சைட் கட்டிகளுடன். அவற்றின் பட்டை அவ்வளவு அகலம் என்பதால், அதிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு மட்டும் ஒருவர் கையில் கிடைத்தால், முழுவதும் ஒரே படிகமாகத் தெரிந்து அறுமுகி என்று எழுதிவிடுவார். எங்கள் துண்டும் உள்ளங்கை அளவுதான்.

அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது மூன்றாவது வழி. 1957இல் லவரிங்கும் உடன் உழைத்தவர்களும் காலியம், ஜெர்மானியம் அளவுகளை வைத்து இரும்புகளை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். 1967 முதல் ஜான் வாசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதை விரித்துக்கொண்டே போனார். இன்று வழக்கிலுள்ள குழுப்பெயர்கள் 1-ஏபி, 2-ஏபி, 3-ஏபி, 4-ஏ, 4-பி என்று போகும். ரோமன் எண்ணில் எழுதுவது வழக்கம். ஒரு குழு என்று பெயர் வைக்கக் குறைந்தது ஐந்து உறுப்பினர் வேண்டும். அதற்குக் குறைவானவை, எதிலும் சேராதவை, குழுவிலி.

ஜெர்மானியமும் காலியமும் ஏன் என்றால், அவை எளிதில் ஆவியாகும் தனிமங்கள். ஒவ்வொரு தாய்க்கோளும் உருவானபோது எவ்வளவு பிடித்து வைத்துக்கொண்டது என்பது பெரிதும் மாறுபடும். பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று சொன்னால், ஜெர்மானியம் 1-ஏபி குழுவில் சில நூறு வரை போகும், 2-ஏபியில் நூறைத் தாண்டி நிற்கும், 3-ஏபியில் முப்பது, நாற்பது, 4-ஏயில் 0.1 ஒட்டி, 4-பியில் அதைவிடவும் கீழே. ஆனால் ஒரே குழுவுக்குள் அது அதிகம் மாறாது. இரிடியம் நேரெதிர்: உருகிய உலோகம் உறையும்போது முதலில் உறைவது இரிடியத்தை இழுத்துக்கொள்ளும், கடைசியில் உறைவதற்கு மிச்சமே இராது, ஒரே குழுவுக்குள் ஆயிரம் மடங்கு வேறுபடும். ஆகவே முதல் இரண்டும் எந்தக் குடும்பம் என்று சொல்லும். இரிடியம் அந்தக் குடும்பத்தில் முன்னால் உறைந்ததா, பின்னால் உறைந்ததா என்று சொல்லும். அமிலம் தடவிய முகத்தில் இதற்கு வழியே இல்லை.

துருவப் பனியைப் பொறுத்தவரை இந்த வழி தவிர்க்கவே முடியாதது. வாசன் 1990இல் அண்டார்டிகாவின் 31 இரும்புகளைப் பார்த்தபோது 39 சதவீதம் எந்தக் குழுவிலும் சேரவில்லை. உலகின் மற்ற இடங்களில் குழுவிலிகள் சுமார் 15 சதவீதம்தான். அண்டார்டிகாவில் சிறிய துண்டுகளும் தப்பாமல் கண்ணில் படுகின்றன. சிறியவை இன்னும் பல தாய்க்கோள்களிலிருந்து வந்தவை என்பது அவர் விளக்கம். இப்படிப்பட்ட ஒன்றை 'நடுவரி எண்முகி' என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டால், அதன் அருமை யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

நம் தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1898இல் கொடைக்கானல் அருகே கிடைத்த இரும்பு விண்கல் உலக ஆய்வுகளில் அடிக்கடி வரும் பெயர். அது 2-இ என்ற சிறு குழு. இரும்புக்குள் கண்ணாடியும் சிலிக்கேட்டும் துளித்துளியாகப் பொதிந்திருக்கின்றன. அவற்றின் வயது சுமார் 370 கோடி ஆண்டு என்று வந்தது. சூரியக் குடும்பம் உருவாகி 456 கோடி ஆண்டுகள் என்னும்போது, அவ்வளவு பின்னால் அந்தத் துளிகளைச் சூடாக்கி உருக்கியது எது என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது. வட சென்னைப் பிள்ளைகளுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பிறகு ஏன் மூன்றாவது வழி வேண்டாம் என்கிறேன்? அதைச் சரியாகச் செய்வது கடினம். அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் ஐ.சி.பி. நிறைநிறமாலைக் கருவி பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. துணுக்கைக் கொடுத்தால் எண்ணும் தருவார்கள். ஆனால் இரும்பு நிறைந்த மாதிரியில் ஜெர்மானியத்தை அளப்பது தனிக்கலை. 56 எடையுள்ள இரும்பு அணுவும் 16 எடையுள்ள ஆக்சிஜனும் கருவிக்குள் ஒட்டிக்கொண்டால் 72. ஜெர்மானியத்தின் ஓர் ஐசோடோப்பும் 72. கருவிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 4-ஏ குழு இரும்பு ஒன்று இந்தப் போலி எண்ணால் 3-ஏபி என்று ஆகிவிடலாம். இதைத் தவிர்க்கத் தெரிந்தவர்கள், ஹோபா, நார்த் சிலி போன்ற நன்கு அளந்த விண்கற்களையே ஒப்பீட்டு மாதிரியாக வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், அல்லது அணு உலையில் நியூட்ரான் பாய்ச்சி அளக்கிறார்கள். அந்த அனுபவம் இல்லாத ஆய்வகத்தில் பணம் கட்டி வாங்கும் எண், எண்ணே இல்லாமல் இருப்பதைவிட மோசம். அழகாக அச்சிட்டு வரும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இன்னொன்று, ஒரு கிராம் எடுத்து அனுப்பும்போது அந்த ஒரு கிராமுக்குள் ஷ்ரைபர்சைட் கட்டியோ ட்ரோய்லைட்டோ விழுந்துவிட்டால் எண் முழுத்துண்டையும் குறிக்காது. எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்து துணுக்கு எடுக்க, முதலில் அறுத்து அமிலம் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது வழி மூன்றாவதுக்குப் படிக்கட்டு. மூன்றாவதை முதலில் செய்தால் இரண்டாவதும் பின்னால் வேண்டியிருக்கும். ஒரு வேலைக்கு மட்டும் பணம் உள்ளவர்கள் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை எனக்கு முடிவு செய்து கொடுத்தது இதுதான்.

ஒரு நிலைமையில் மட்டும் என் முடிவு மாறும். துண்டு கிடைத்த இடம் உறுதியாகத் தெரிந்து, இதுவரை எங்கும் பதிவாகாதது என்று நம்பக் காரணம் இருந்தால், பட்டறைப் பக்கமே போகக் கூடாது. சட்டிஸ்கரிலோ சேலத்திலோ உழவர் வயலில் எடுத்த துண்டு என்றால், நேராக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடமோ அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்திடமோ எழுத வேண்டும். நாட்டின் விண்கல் சேகரிப்பைக் கொல்கத்தாவில் வைத்திருப்பது அந்தத் துறைதான். பன்னாட்டு விண்கல் சங்கம் பெயர் வைக்க, மாதிரியில் 20 கிராம் அல்லது ஐந்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது, ஒரு நிறுவனத்தில் நிரந்தரமாக வைக்கப்பட வேண்டும் என்பது விதி. எங்கள் துண்டு விலைக்கு வாங்கியது, ஊர் தெரியாதது. அதை அறுப்பதில் அறிவியலுக்கு இழப்பு எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

அறுத்தபின் வரப்போகும் சிக்கல் துரு. இங்கே கடற்காற்று வீட்டுக்குள் வரைக்கும் வரும். தண்டையார்பேட்டையில் பூட்டுகூட எண்ணெய் இல்லாமல் தாங்காது. இரும்பு விண்கல் துருப்பிடித்து முத்து முத்தாக வியர்ப்பதற்கு, விண்ணிலிருந்தே வந்த குளோரைடு தாது காரணம் என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். புக்வால்டு, கிளார்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் அண்டார்டிகா விண்கற்களை வைத்தே காட்டினார்கள்: குளோரின் பூமியிலிருந்து நுழைகிறது, அக்ககனைட் என்ற துருவுக்குள் அது தங்கி, அங்கிருந்து உலோகத்தைத் தின்றுகொண்டே போகிறது. பனிக்கண்டத்திலேயே அப்படி என்றால் காசிமேட்டுக் காற்றில் கேட்க வேண்டாம். எனவே அமிலம் தடவியதும் ஓடும் தண்ணீரில் கழுவி, சமையல் சோடா கரைசலில் முக்கி, மீண்டும் கழுவி, சுத்தமான ஆல்கஹாலில் தண்ணீரை வெளியேற்றி, மிதமான சூட்டில் உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது. வியர்வையிலும் உப்பு உண்டு. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அதன் நிறம் மாறும்போது வறுத்து மீண்டும் போடுவது. இந்தப் பொறுப்பை ஏற்கப் பிள்ளைகள் முன்வராவிட்டால் அறுக்கவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எழுதப் போகும் குறிப்பில் வார்த்தைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் பேசி முடித்துவிட்டோம். பட்டை இரண்டு மில்லிமீட்டர் வந்தால் 'பருவரி எண்முகி' என்று மட்டும் எழுத வேண்டும். 1-ஏபி குழுவில் பெரும்பாலானவை பருவரி என்பதால் '1-ஏபி' என்று எழுதும் ஆசை வரும். வேதியியல் இல்லாமல் அதை எழுதக் கூடாது. கிடைத்த இடம் என்ற இடத்தில் 'தெரியாது. விற்ற சீட்டில் துருவப் பனி என்று உள்ளது, சான்று இல்லை' என்று எழுத வேண்டும். பழைய சீட்டையும் கிழிக்காமல் அதே டப்பாவில் வைக்க வேண்டும்.

அறுக்கும்போது விழும் ஓரத் துண்டில் அமிலம் படாத, ட்ரோய்லைட்டோ ஷ்ரைபர்சைட்டோ இல்லாத சில கிராமை மட்டும் தனியாக உலர்த்திக் கண்ணாடிக் குப்பியில் மூடி, எந்த முகத்திலிருந்து எடுத்தது என்று வரைபடத்தோடு குறித்து வைக்கிறோம். இரும்பு விண்கல்லில் ஜெர்மானியம் அளந்த அனுபவம் உள்ள ஆய்வகம் ஒன்று சம்மதித்தால், பணம் சேர்ந்ததும் அந்தக் குப்பி போகும்.